எங்கள் தெருவுக்கு டிக்கெட் போட்ட ரைட் அண்ணாச்சி

ஒரு டிப்பர் லாரியையும் ஒரு எருமை மாட்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி டிக்கெட் கொடுத்த மனிதர் இந்தியாவிலேயே எங்கள் ரைட் அண்ணாச்சி ஒருவர்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை. வெளிநாட்டில் யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது. அப்படியே இருந்தாலும், அந்த எருமையைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு" என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கலாம். நாங்கள் பார்த்ததில்லை. தென்காசியிலிருந்து செங்கோட்டை, குற்றாலம் என்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி சால்வை போர்த்திவிட்டு, கையோடு தோல்பையைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பஸ் அவரை விட்டுப் போனதே தவிர, கண்டக்டர் அவரை விட்டுப் போகவில்லை. கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டு, "அந்தக் கோடியில எலை காலியா கெடக்கு, உள்ள போங்க" என்பார். கோயில் சன்னதியில், "கும்புட்டவங்க எறங்கிக்கிடுங்க, ஏறுதவங்களுக்கு வழி விடுங்க" என்பார். யார் எதைச் சொன்னாலும் முடிவில் "ரைட்" என்பார். என் மாமனார் தவறிப்போன செய்தியைக் கலங்கிய குரலில் சொன்னபோதும், "அப்படியா, ரைட்" என்றார். பிறகு அவரே வருத்தப்பட்டு, காரியம் முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்து, வந்தவர்களை எல்லாம் வரிசைப்படுத்தினார் என்பது வேறு விஷயம்.

அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். பாவம், அந்த வீட்டில் குக்கர் வைப்பதே ஒரு சங்கடம். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் புறப்பட வேண்டும். குக்கர் ஒரு விசில் அடித்தால் நடந்துகொண்டிருக்கும் அண்ணாச்சி நின்றுவிடுவார். இரண்டாவது அடித்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து வாசலுக்குக் கிளம்பிவிடுவார். பருப்புக்கு மூன்று விசில் வேண்டும். மூன்றாவது விசில் வருகிறபோது அவர் பாதி தெரு போயிருப்பார்.

தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற குறுகலான தெரு. பதினொரு வீடுகள். முதல் வீடு போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டையா. மூன்றாவது அண்ணாச்சி. ஆறாவது ராஜம் டீச்சர், கணக்கு டீச்சராக இருந்தவர். ஒன்பதாவது காதர் பாய். கடையநல்லூர்க்காரர், துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து இங்கே வீடு கட்டியவர். கடைசி வீடு என்னுடையது. எனக்குத் தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை. என் வீட்டோடு தெரு முடிந்து தென்னந்தோப்பு ஆரம்பித்துவிடும்.

அந்தத் தோப்பைத்தான் மதுரையிலிருந்து வந்த ஒரு பில்டர் வாங்கினார். முப்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, தலைக்கு மேல் ஏற்றிவிட்ட கூலிங் கிளாஸ், வாயைத் திறந்தால் "வின்-வின்". நான்கு மாடிக் கட்டடம், 'தூவானம் ரெசிடென்சி' என்று பெயர். விளம்பரப் படத்தில் மெயின் அருவி நேராக மூன்றாவது மாடி பால்கனியில் விழுந்துகொண்டிருந்தது.

முதலில் லாரிகள் வந்தன. பின்னாலேயே சாரல் வந்தது. இரண்டும் சேர்ந்து எங்கள் தெருவில் மிச்சமிருந்த தாரை ஒரே மாதத்தில் காலி செய்தன. ஆட்டோக்காரர்கள் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டார்கள். கேஸ்காரர் எல்லா சிலிண்டரையும் ஏட்டையா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். ராஜம் டீச்சர் வழுக்கி விழுந்து கண்ணாடி உடைந்தது. அவரைத் தூக்கப் போன காதர் பாய் விழுந்து அவர் கண்ணாடியும் உடைந்தது. இருவருக்கும் நான்தான் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன்.

அண்ணாச்சி என்னை நிறுத்தி, "இந்தத் தெருக் குழியில லாபம் பாத்தது நீரு ஒருத்தருதான் வே" என்றார்.

"அண்ணாச்சி, அடக்க வெலைக்குத்தான் குடுத்தேன்."

"ரைட். இன்னும் யாரெல்லாம் விழணும்னு பாத்துக்கிட்டு இருக்கீரு?"

விளையாட்டாகப் பேசினாலும் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. காதர் பாயின் மகள் நஸீமா பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம் முடிந்திருந்தது. ஆட்டோவே வராத தெருவில் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று காதர் பாய் தினமும் வாசலில் நின்று சேற்றைப் பார்ப்பார்.

பஞ்சாயத்து ஆபீஸில் போய்க் கேட்டோம். ஓவர்சீயர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். "உங்க தெரு வரிசையில இருக்கு. தெருக்காரங்க பங்குன்னு ஒரு பகுதி கட்டுனா முன்னாடி எடுத்துரலாம். பில்டர் எவ்வளவு, நீங்க எவ்வளவுன்னு உங்களுக்குள்ளயே பேசி எழுதிக் குடுங்க" என்றார். எளிதாகத்தான் சொன்னார். நாங்களும் எளிதாகத்தான் நினைத்தோம்.

ராஜம் டீச்சர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். டீச்சர் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். யார் வீட்டு மதில் தெருவில் எத்தனை அடி ஓடுகிறதோ அதற்கேற்ற பங்கு.

மூலை வீட்டுக்காரரான ஏட்டையாவுக்குத்தான் மதில் நீளம். "செவுரு கட்டுனதுக்குத் தண்டனையா டீச்சர்?" என்றார்.

காதர் பாய், "எல்லாரும் சமமாப் போட்டுருவோம். பில்டரையும் ஒரு வீடுன்னு வச்சுக்கிடுவோம்" என்றார்.

"நாலு மாடியும் ஒரு வீடா பாய்?" என்றார் டீச்சர்.

பில்டர் சிரித்துக்கொண்டே, "இதுல எல்லாருக்கும் வின்-வின்னா ஒரு வழி பார்ப்போம்ணே" என்றார்.

அப்போது அண்ணாச்சி எழுந்தார். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பிடிமானம் இல்லாமல் பேச வராது.

"பஸ்ஸு மாதிரி தூரத்துக்குத் தக்கன ஸ்டேஜு போட்டுட்டா முடிஞ்சு போச்சு" என்றார். "ஏட்டையா மெயின் ரோட்டுல ஏறி மூணாவது எட்டுல எறங்கிருதாரு. அவருக்கு மினிமம் சார்ஜ். நம்ம கண்ணாடிக்கடைக்காரரு கடைசி வீடு. அவருக்கு அந்த அளவுக்குக் கூடும். பில்டர் தம்பி தெருவு முடியுத எடம்வர வருதாரு. அவருக்கு ஃபுல் டிக்கெட். அது போக, லாரியில மணலும் ஜல்லியும் கொண்டு போறாருல்லா, அதுக்கு லக்கேஜ் தனி."

ஏட்டையா உடனே கை தட்டினார். நான் தட்டவில்லை.

பில்டர், "நாங்க கட்டி முடிச்சுட்டுப் போயிருவோம்ணே. அப்புறம் இந்த ரோட்டுல நடக்கப் போறது நீங்கதான்" என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சரி, எதுக்கு இந்தப் பேச்செல்லாம். மொத்தத்தையும் நானே போட்டுத் தர்றேன். சிமென்ட் ரோடு, ரெண்டு பக்கம் வடிகால், லைட்டு. உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல. தெரு முனையில எங்க பேர் போட்டு ஒரு ஆர்ச், ஒரு கேட், ஒரு வாட்ச்மேன். அவ்வளவுதான்."

செலவில்லை என்ற சொல்லின் இனிமை எல்லோர் முகத்திலும் பரவியது.

ஏட்டையா கேட்டார்: "அந்த வாட்ச்மேன் சல்யூட் அடிப்பானா?"

"கண்டிப்பா சார்."

ஓய்வு பெற்ற பிறகு ஏட்டையாவுக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. மினிமம் சார்ஜை அந்த நிமிஷமே மறந்துவிட்டார். காதர் பாய், துபாயிலும் இப்படித்தான் கேட் இருக்கும், பார்க்க அழகாக இருக்கும் என்றார். எனக்குக் கடைசி ஸ்டேஜ் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும்.

அண்ணாச்சி மட்டும் ஜன்னல் கம்பியை விடவில்லை. "தம்பி, காசு குடுத்தா டிக்கெட்டுதான் கெடைக்கும். பஸ்ஸு கெடைக்காது" என்றார்.

"என்னண்ணே சொல்றீங்க?"

"ரோட்டுக்கு நீங்க பணம் போடுங்க. வேண்டாங்கல. ஆனா அதுல யாரு ஏறணும் யாரு எறங்கணும்னு சொல்லுதது ஒம்ம வேலை இல்ல."

கை தூக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு கை. பத்து வீடு கேட் வேண்டுமென்று. மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு கை எதிராக. அதுவும் முழுக் கை என்று சொல்ல முடியாது. பின்னால் உட்கார்ந்திருந்த மதினி அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் அண்ணாச்சி வீட்டுக்குள் பழைய சாமான்களைக் குடைந்துகொண்டிருந்தார். நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு நான் பால் வாங்கப் போனால், தெரு முனையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, தோல்பையோடு உட்கார்ந்திருக்கிறார். மடியில் பழைய டிக்கெட் கட்டு.

"எங்க போறீரு?"

"பால் வாங்க அண்ணாச்சி."

ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "காசு வேண்டாம். இது கணக்குக்கு. யாரு இந்தத் தெருவுல ஏறி எறங்குதாங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். திரும்பி வரும்போது இன்னொண்ணு வாங்கணும். ரிட்டன் டிக்கெட் கெடையாது."

அன்றைக்கு அவர் யாரையும் விடவில்லை. சொந்த வீட்டு வாசலைப் பெருக்க வெளியே வந்த ஏட்டையாவுக்கு டிக்கெட் கொடுத்தார். ஏட்டையா, "நான் எங்கயும் போகலியே" என்றதற்கு, "படியில தொங்குனாலும் டிக்கெட்டுதான்" என்றார். மணல் லாரியைக் குறுக்கே நின்று நிறுத்தினார். பின்னாலேயே வந்த பால்காரரின் எருமையும் நின்றது. லாரிக்கு மூன்று டிக்கெட், லக்கேஜ் சேர்த்து. எருமைக்கு ஒன்று. எருமை அதை வாங்கி மென்று விழுங்கிவிட்டது. டிக்கெட் செக்கிங் வேலையைத் தானே ஏற்றுக்கொண்ட ராஜம் டீச்சர் ஆறாவது வீட்டு வாசலில் எருமையை மறித்து டிக்கெட் கேட்டார். கேட் வேண்டுமென்று கை தூக்கியவர்தான். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் டீச்சரால் சும்மா இருக்க முடியாது.

பத்து மணிக்கு மீன்காரப் பேச்சியம்மா வந்தார். டிக்கெட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னத்துக்கு அண்ணாச்சி?"

"இங்கன கேட்டு போடப் போறாங்க பேச்சி. போட்டுட்டா பேரெழுதி, போன் நம்பர் குடுத்து, எந்த வீட்டுக்குன்னு சொல்லித்தான் உள்ள போணும்."

"சாளை மீன் விக்கதுக்கா? நான் அடுத்த தெருவுக்குப் போயிட்டுப் போறேன். ஒங்க தெருவுல என்ன, தங்கத்தையா எடை போட்டு வாங்குதீய?"

ராஜம் டீச்சர் அதைக் கேட்டுவிட்டார். டீச்சர் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் சாளைக் குழம்பு. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணாச்சியும் டீச்சரும், ஒவ்வொருவரிடமும் திருப்பி வாங்கி வைத்திருந்த டிக்கெட்டுகளை எண்ணிப் பார்த்தார்கள். தெருக்காரர்கள் வாங்கியதற்குச் சமமாக வெளியாட்கள் வாங்கியிருந்தார்கள். பேச்சியம்மா, பால்காரர், குழாய் ரிப்பேர்காரர், தோப்போரமாகக் குறுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், அருவிக்கு வழி தவறி வந்த இரண்டு வேன் ஆட்கள். ஒற்றை ஆளாக அதிக டிக்கெட் வாங்கியவர் மதினி. காலையில் டீ, பிறகு மாத்திரை, பிறகு இட்லி, பிறகு காய்ந்த துண்டு, நடுநடுவே திட்டுவதற்கென்றே நான்கு நடை.

அண்ணாச்சி வெளியாட்களின் டிக்கெட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். "கேட்டு போட்டா இவங்கல்லாம் எங்க ஏறுவாங்க?" என்று மட்டும் கேட்டார். டீச்சரும் மதினியும் அன்றைக்கே கட்சி மாறிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பில்டர் எழுதிக் கொண்டுவந்த பேப்பரில் கையெழுத்துப் போட எல்லோரும் ஏட்டையா வீட்டில் கூடினோம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஏட்டையா பேனாவைத் திறந்த நேரத்தில் காதர் பாய் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். "புள்ளைக்கு வலி எடுத்துருச்சு. கார எடுத்தேன், டீச்சர் வீட்டுக்கிட்ட மாட்டிக்கிச்சு."

ஓடினோம். கார் பின்சக்கரம் பாதி புதைந்து சாய்ந்து நின்றது. உள்ளே நஸீமா அவள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். முன்னால் இழு, பின்னால் தள்ளு, கல்லை வை, கல்லை எடு.

அப்போது ஒரு விசில் கேட்டது. அத்தனை பேரும் நின்றோம். முப்பது வருஷம் ஒரு பஸ்ஸையே நிறுத்திய விசில்.

"பாய், எஞ்சினை அணையும். கண்ணாடிக்கடைக்காரரே, தோப்புல சென்ட்ரிங் பலகை கெடக்கு, நாலு தூக்கிட்டு வாரும். ஏட்டையா, மெயின் ரோட்டுல நின்னு வண்டிய நிப்பாட்டும். பில்டர் தம்பி, பின்னால வாங்க. பம்பரைப் புடிங்க."

பில்டர் தன் வெள்ளைச் சட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து பிடித்தார். பலகைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். அண்ணாச்சி விசிலை வாயில் வைத்து விட்டுவிட்டு ஊதினார்.

"வாப்பா, அந்த விசில மட்டும் நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் நஸீமா உள்ளிருந்து.

இரட்டை விசில். பாய் மறுபடி எஞ்சினைக் கிளப்பினார். தள்ளினோம். சக்கரம் சுழன்றது. தெருவில் இருந்த சேறு முழுக்க எழுந்து பில்டர்மேல் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கார் ஏறிவிட்டது. அண்ணாச்சி பக்கவாட்டில் தட்டித் தட்டி, "போலாம், போலாம், ரைட்" என்று கூடவே ஓடினார். பழக்க தோஷத்தில் ஓடுகிற வண்டியில் தொற்றி ஏறக் காலைத் தூக்கினார். அது கார், படி கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

முனையில் ஏட்டையா நடுரோட்டில் நின்று இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தியிருந்தார். கார் கடந்து போனபோது அவரே சல்யூட் அடித்தார்.

பில்டர் என் வீட்டுக் குழாயடியில் நின்று தலையைக் கழுவினார். கூலிங் கிளாஸ் காணாமல் போயிருந்தது. துண்டு கொடுத்தபோது, "எங்க வீட்லயும் ஏழாம் மாசம்ணே" என்றார்.

அண்ணாச்சி பக்கத்தில் நின்றிருந்தார். எப்போதும்போல ரைட் சொல்லவில்லை. "ஒங்க வீட்டுப் புள்ளையும் நல்லபடியாப் பெத்து எந்திரிப்பா தம்பி" என்றார்.

மத்தியானம் செய்தி வந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போய் இருபது நிமிஷத்தில் பிறந்துவிட்டது.

மறுநாள் பில்டரே வந்தார். கேட் இல்லை, ஆர்ச் இல்லை. பெயர்ப் பலகையைத் தன் கட்டடச் சுவரில் மாட்டிக்கொள்வதாகச் சொன்னார். ஃபுல் டிக்கெட்டும் லக்கேஜும் அவர் பங்கு. மற்றவர்களுக்கு ஸ்டேஜ் கணக்கு. டீச்சர் கூட்டிப் பெருக்கி எழுத, மனுவோடு ஒவ்வொருவர் டிக்கெட்டையும் குண்டூசி குத்தி அண்ணாச்சியே ஆபீஸில் கொடுத்தார். ஓவர்சீயர் அதை இரண்டு நாள் மேஜைமேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாராம். தெருக்காரர்களில் அதிகப் பங்கு எனக்குத்தான். அண்ணாச்சியிடம் முறையிட்டுப் பார்த்தேன். "கடைசி ஸ்டேஜு வே. கவலையில்லாமத் தூங்கிட்டே வரலாம்" என்றார். அடுத்த சாரல் பருவத்துக்கு முன் சிமென்ட் ரோடும் வடிகாலும் வந்துவிட்டன. நஸீமாவின் பிள்ளைக்கும் ஒரு பங்கு உண்டா என்று காதர் பாய் கேலியாகக் கேட்டார். "மடியில இருக்க பிள்ளைக்கு டிக்கெட் கெடையாது" என்று அண்ணாச்சி நிஜமாகவே விதியைச் சொன்னார்.

இந்த வருஷம் அவருக்கு எழுபது முடிந்தது. பஸ் நிற்கிறவரை இறங்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் முப்பது வருஷம் சொன்ன மனிதர், போன மாதம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கிக் கணுக்கால் எலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பத்து நாள். மதினிக்கு முடியாது என்பதால் சாப்பாடு கொண்டுபோவதைத் தெருவே ஏற்றுக்கொண்டது. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை என்று கட்டிலில் படுத்தபடி அவரே பிரித்துக் கொடுத்தார். பில்டர் மதுரையிலிருந்து போன் செய்து ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு வியாழக்கிழமை. நான் செவ்வாய்க்கிழமையே தூக்குவாளியோடு போய் நின்றேன்.

"ஒம்ம முறை நாளன்னைக்குல்லா வே?" என்றார்.

"கிழமை மறந்துட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

மறக்கவில்லை. வியாழக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை.